செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு ஆறு முறை கூடியது. சித்திரைத் திருவிழா நீர்மோர்ப் பந்தல், சுதந்திர தினக் கொடியேற்றம், பொங்கல் கோலப்போட்டி வழக்கம்போல் நடந்தன.

தங்கும் வரி மனுவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்களின் வேன்கள் மாசி வீதிகளை அடைத்து நிற்பதும், சாக்கடை பொங்கி வாசலுக்கு வருவதும் உங்களுக்குத் தெரியும். வருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. மீனாட்சியைப் பார்க்க வருகிறார்கள், வரட்டும். லாட்ஜ்களில் அறைக்கு ஓர் இரவுக்கு 20 ரூபாய் வசூலித்து, அதைக் கோயிலைச் சுற்றியுள்ள வார்டுகளின் துப்புரவுக்கே செலவிட வேண்டும் என்பதுதான் மனு. வெனிஸ் நகரம் 2024-இல் 29 நாட்களுக்கு, காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்களிடம் 5 யூரோ வாங்கியது. நமக்கு அது ஆகாது. சாமி கும்பிட்டுவிட்டு அன்றே பஸ் ஏறுகிற ஏழையிடம் ஒரு பைசா கேட்கக் கூடாது என்று மனுவிலேயே எழுதியிருக்கிறேன். வெனிஸில் இரவு தங்குகிறவர்கள் விடுதி மூலமாகத் தனி வரி கட்டுகிறார்களே, அந்த வழிதான் நமக்குப் பொருந்தும்.

இதற்காகக் கூட்டிய சிறப்புக் கூட்டத்துக்கு 84 பேரில் 11 பேர் வந்தீர்கள். லாட்ஜ் வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர்கூட வரவில்லை. மறுநாள் போனில், "யாரைக் கேட்டு மனு எழுதினீங்க? ஆயிரம் ரூபாய்க்குக் குறைஞ்ச ரூமுக்கும் 2022 ஜூலையிலிருந்து ஜி.எஸ்.டி. கட்டுறோம்" என்றார்கள். உண்மைதான். ஆனால் அது மத்திய, மாநில அரசுகளுக்குப் போகிற வரி. பழைய ஆடம்பர வரியும் 2017-இல் அதற்குள் போய்விட்டது. நம் தெருவுக்கென்று அதில் தனிக் கணக்கு இல்லை. இதை நேரில் கேட்டிருந்தால் நேரிலேயே சொல்லியிருப்பேன். பேசியவர்களில் மூவர் இரண்டு வருடச் சந்தா பாக்கி வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. மனுவுக்கான ஜெராக்ஸ், ஆட்டோச் செலவை நான் சங்கக் கணக்கில் எழுதவில்லை.

பந்தலுக்கு மோர் கொடுத்த குடும்பங்களுக்கும், கூட்டத்துக்கு இடம் தந்தவருக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும் நன்றி.

வரும் ஆண்டும் இந்தப் பொறுப்பில் இருக்க என் முழங்கால் இடம் கொடுக்குமா என்று தெரியவில்லை. இளையவர் யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். மனுவில் இதுவரை 27 கையெழுத்து விழுந்திருக்கிறது. நூறாவது சேராமல் மாநகராட்சிக்குக் கொண்டுபோக எனக்கு மனமில்லை. குடும்பத்தில் பெரியவர்கள் எல்லோரும் போடலாம். தாள் வாசல் மேசையில், சந்தா ரசீதுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்