நம்ம ‘ங்க’ யாருக்கெல்லாம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒரு பெரியவர், ‘இந்தக் காலத்துக் காலேஜ் பிள்ளைகளுக்கு சாதியே தெரியாது, எல்லாம் மற்றவர்கள் கிளறிவிடுவது’ என்று எழுதியிருந்தார். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் நான் அந்தக் காலேஜ் பிள்ளைகளில் ஒருத்தி, கோபி பக்கம் ஒரு கிராமம், தினமும் பஸ்ஸில் போய் வந்து மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்களுக்கு நன்றாகவே தெரியுங்க ஐயா. தெரியாத மாதிரி இருக்கவும் தெரியும்.

காலேஜில் சேர்ந்த முதல் வாரம் யாரும் யாரையும் ‘நீ என்ன சாதி’ என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் அநாகரிகம் அல்லவா. ‘எந்த ஊருங்க?’ அப்புறம் ‘ஊருக்குள்ளயா, தோட்டத்துலயா?’ அப்புறம் ‘குலதெய்வம் எங்கீங்க?’ மூன்றே கேள்வி. தோட்டத்தில் குடியிருக்கிறோம் என்றால் நிலம் உள்ள சாதி என்று பாதி விடை வந்துவிடும், கோயில் பேரைச் சொன்னால் சாதிக்குள் எந்தக் கூட்டம், அதாவது எந்தக் குலம், என்பது வரைக்கும் வந்துவிடும். நானும் கேட்டிருக்கிறேன். கேட்கும்போது சாதி விசாரிக்கிறோம் என்றே தோன்றவில்லை, சொந்தபந்தம் விசாரிக்கிற மாதிரிதான் இருந்தது. மூன்றாவது கேள்விக்கு முன்னாடியே பேச்சை மாற்றிவிடுகிறவர்கள் இருந்தார்கள், அவர்கள் ஏன் மாற்றினார்கள் என்பது அப்போது உறைக்கவில்லை.

என்னோடு ஒரே பஸ்ஸில் வருகிற தோழி ஒருத்தி தினமும் தன் ஊருக்கு ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடப்பாள். இரண்டு வருடம் அவள் உடம்பு இளைக்கத்தான் நடக்கிறாள் என்று நினைத்துக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். அவளுடைய ஸ்டாப்புக்குக் கண்டக்டர் போடுகிற சத்தம் ‘காலனி எல்லாம் எறங்கு’. பட்டியல் சாதிக் குடியிருப்பைக் குறிக்கிற ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுப்பதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார், நல்லதுதான், ஆனால் கண்டக்டரின் தொண்டையிலிருந்து அதை எந்த அரசாணை எடுக்கும் என்று தெரியவில்லை.

அதற்காகத்தான் முன்னாடியே இறங்குகிறாள் என்பதை அவள் சொன்னது நாட்டு நலப்பணித் திட்ட முகாமில். ஏழு நாள் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கி வாய்க்கால் தூர்வாரினோம், மரக்கன்று வைத்தோம். ஊர்க்காரர்கள் தங்கமானவர்கள், காலையும் மாலையும் டீ கொடுத்தார்கள், எல்லோருக்கும் பேப்பர் கப்பில். ‘பாத்தியா, இப்பல்லாம் ரெட்டை டம்ளர் எங்க இருக்குது?’ என்றேன் நான். ‘பேப்பர் கப் வந்ததால டம்ளர் பிரச்சினை தீந்துச்சு, அவங்க வீட்டுக்குள்ள கூப்பிட்டுக் குடுத்தப்ப நான் ஏன் வெளிய நின்னேன்னு நீ கேட்கலியே’ என்றாள். உண்மை. நான் உள்ளே திண்ணையில் உட்கார்ந்து குடித்தேன், அவள் வாசலில் வேப்பமரத்தடியில் நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் தடுக்கவில்லை. தடுக்கிற நிலைமை வராமல் அவளே பார்த்துக்கொண்டாள்.

அன்று ராத்திரி பள்ளிக்கூட வராண்டாவில் பதினொரு பேர் உட்கார்ந்து ஒரு மணி வரைக்கும் பேசினோம். சண்டைதான் முக்கால்வாசி. ஒருத்தன், என்னைப் போலக் கொங்கு வேளாளர்தான், ‘நாமெல்லாம் கஷ்டப்பட்டு மார்க் எடுத்து வந்தோம், சில பேரு கோட்டாவுல வந்துட்டாங்க’ என்றான். அந்தத் தோழி விரல் விட்டு எண்ணினாள். தமிழ்நாட்டில் மொத்தம் 69 சதவீதம், அதில் பிற்படுத்தப்பட்டோர் 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 20, பட்டியல் சாதிகள் 18, பழங்குடிகள் 1. கொங்கு வேளாளர் 1975-லிருந்து பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். அருந்ததியருக்கு அந்த 18-க்குள் 3 சதவீதம் என்று தனியாக வந்ததே 2009-ல், அதையும் வழக்கு போட்டு இழுத்து, 2024 ஆகஸ்டில்தான் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. ‘அப்ப உன் கோட்டா எதுங்க?’ என்று கேட்டாள். அவன் சிரித்து மழுப்பினான். எனக்கு உறுத்தியது வேறு. போனைப் பார்க்காமல் இத்தனையும் அவளால் சொல்ல முடிந்தது, எனக்கு நான் பிசி, அதாவது பிற்படுத்தப்பட்டோர், என்பதே ஸ்காலர்ஷிப் ஃபார்ம் நிரப்பும்போதுதான் ஞாபகம் வரும்.

ஓமலூர் கோகுல்ராஜ் கொலை 2015 ஜூன். உடுமலை பஸ் ஸ்டாண்டில் சங்கர் வெட்டப்பட்டது 2016 மார்ச். இருவரும் பட்டியல் சாதி இளைஞர்கள், ஒருவர் வேறு சாதிப் பெண்ணோடு பழகியதற்காக, இன்னொருவர் மணந்ததற்காகக் கொல்லப்பட்டவர்கள். கோகுல்ராஜ் முடித்ததும் சங்கர் படித்ததும் இன்ஜினியரிங். இரண்டும் நான் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரே வருடத்தில். எங்கள் வீட்டில் அந்த இரண்டு நாளும் டிவியை அணைத்துவிட்டார்கள், குழந்தைகள் பார்க்க வேண்டாம் என்று. அன்று தோழி வீட்டில் அணைக்கவில்லையாம். அவளுக்கு அன்றைக்கே தெரிந்தாக வேண்டியிருந்தது.

ஆடிப் பதினெட்டானால் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்கத் தீரன் சின்னமலை. 1805-ல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கு மேடை ஏறிய மனிதர், வெள்ளைக்காரனோடு சண்டை போட்டவர். எங்கள் சாதியில் பிறந்தவர் என்று அவர் படத்தை வைத்து நாம் பக்கத்து பெஞ்சுக்காரனை அளக்கிறோம். இது என் கருத்து, கோபம் வந்தால் வரட்டும்.

கோயம்புத்தூர்க்காரர்கள், ஈரோட்டுக்காரர்கள் என்றால் மரியாதை என்று ஊரெல்லாம் பேர். சின்னப் பிள்ளையைக்கூட ‘வாங்க தங்கம்’ என்போம். ஆனால் எங்கள் தோட்டத்தில் நாற்பது வருடமாக வேலை செய்கிறவருக்கு என் அப்பாரு (அப்பாவின் அப்பா) வயது, அவரை எட்டு வயதுத் தம்பி பேர் சொல்லி ‘வாடா’ என்பான். அவர் அவனை ‘சாமி’ என்பார். நானும் சின்ன வயதில் அப்படித்தான் கூப்பிட்டேன், யாரும் அதட்டவில்லை. நாய்க்குட்டியை உதைத்ததற்கு அதட்டியிருக்கிறார்கள்.

இந்தப் பொங்கலுக்கு அவர் வாசலுக்கு வந்தபோது ‘வாங்க’ என்றேன். அவர் பின்னாடி திரும்பிப் பார்த்தார், வேறு யாரோ வருகிறார்கள் என்று. அம்மிச்சி (அம்மாவின் அம்மா) உள்ளிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தது. நான் பெரிய காரியம் செய்த மாதிரி தோழிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, ‘சரி, காப்பி எதுல குடிச்சாரு?’ என்று கேட்டாள்.

மாடு கட்டுகிற கட்டுத்தறியில், ஓட்டுச் சந்தில் கவிழ்த்து வைத்திருக்கிற எவர்சில்வர் டம்ளரில். அவரே எடுத்து, அவரே கழுவி, நான் மேலிருந்து ஊற்ற, குடித்துவிட்டுத் திரும்ப அங்கேயே சொருகிவிட்டுப் போனார். நான் காலேஜுக்குக் கிளம்பின அன்றும் அது அங்கேதான் இருந்தது.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு மாணவி, கோபிசெட்டிபாளையம் வட்டம்
(பெயர் வேண்டாம், அப்பாரு உங்கள் பேப்பரைத்தான் படிக்கிறார்)