கம்பத்தைத் தூக்கும் முன் மேலே பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் அமெரிக்காவின் பழைய சிபி ரேடியோ (சிட்டிசன்ஸ் பேண்ட், பொதுமக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இருவழி ரேடியோ) பற்றி வந்த கட்டுரை படித்தேன். 1973 எண்ணெய்த் தட்டுப்பாட்டில் எந்த பெட்ரோல் பங்கில் டீசல் இருக்கிறது, போலீஸ் எங்கே நிற்கிறது என்று லாரிக்காரர்கள் பேசிக்கொண்டதெல்லாம் சுவையாகவே இருந்தது. ஆனால் வீட்டுக்கூரை ஆன்டெனாவைப் புதுப்பிக்கும் விஷயத்தை, துடைத்துப் பளபளப்பாக்கி ஏற்றிவிடலாம் என்ற அளவில் முடித்துவிட்டார்கள். நான் ஓஹியோவில் இருக்கிறேன், இங்கே பழைய வீடுகளின் கராஜில் கிடக்கும் ஆன்டெனாக்களை வாங்கிச் சரிசெய்வது என் பொழுதுபோக்கு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மின்கம்பி. எழுபதுகளில் இந்த மோகம் உச்சத்தில் இருந்தபோது, ஆன்டெனாவைத் தூக்கி நிறுத்துகையில் மின்கம்பியில் பட்டு இறந்தவர்கள் நிறையப் பேர். அதனால்தான் இங்குள்ள நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 1983 மே மாதத்திலிருந்து எல்லாத் திசையிலும் வேலை செய்யும் வீட்டு சிபி ஆன்டெனாக்களுக்கு மின்காப்பு வேண்டும் என்று விதி போட்டது. நாம் ஆசையாகத் தேடிப் பிடிப்பதோ அதற்கு முந்தைய வெறும் அலுமினியக் குழாய்! கம்பத்தோடு சேர்த்தால் முப்பது அடிக்கு உலோகம், வீட்டுக்குப் பின்னால் காப்பில்லாமல் ஓடும் கம்பியிலோ பெரும்பாலும் 7,200 வோல்ட். எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் தொடாத தூரம் வேண்டும், முடிந்தால் மொத்த உயரத்தில் இரண்டு மடங்கு. கொடிக்கம்பம் நடும்போது நம்மூரில் நடக்கும் விபத்துகளை வாரம்தோறும் அச்சிடும் பத்திரிகைக்கு இது தெரியாததல்ல.

அப்புறம், பளபளப்பு வெறும் கண்ணுக்குத்தான். ஸ்டார்டஸ்டர் என்ற பழைய மாடலை எடுத்துக்கொள்ளுங்கள்: மேலே ஒரு குழாய், கீழே சரிந்து நிற்கும் மூன்று குழாய்கள், அவ்வளவுதான். வெளியே கறுத்திருந்தாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். கெடுவது ஒரு குழாய்க்குள் இன்னொன்று நுழையும் இணைப்பில், அங்கே வெள்ளைப் பொடியாகப் பூத்து மின்சாரம் போக வழியில்லாமல் அடைத்துவிடும். துருவை இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவைத்துத் திருகிப் பிரித்தெடுங்கள், சுத்தியலால் அடித்தால் குழாய் நசுங்கிப் போகும். இரண்டு பக்கமும் தேய்த்து, அலுமினிய இணைப்புக்கென்றே விற்கும் பசையைத் தடவி, துருப்பிடிக்காத எஃகுக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். ரேடியோவையும் ஆன்டெனாவையும் இணைக்கும் பழைய கோஆக்ஸ் கேபிளைத் தூக்கி எறியுங்கள். நுனியை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்புப் பின்னல் கறுத்திருக்கும், தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதில் சிக்கனம் பார்ப்பவர்களை எனக்குப் புரிவதே இல்லை.

கடைசியாக ஆன்டெனாவின் நீளம். அலைவரிசை ஏற ஏற அது குட்டையாக வேண்டும். 1977க்கு முன் 23 சேனல்தான், பிறகு அது 40 ஆகி 27.405 மெகாஹெர்ட்ஸ் வரை போனது. ஆகவே பழைய அளவிலேயே விட்டால் மேல் சேனல்களில் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா ஏற்காமல் ரேடியோவுக்கே சக்தி திரும்புவதைக் காட்டும் அளவு) ஏறலாம். 1லும் 40லும் அளந்து பாருங்கள், 40ல் அதிகமாக இருந்தால் குழாயைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் போதும்.

மற்றதை விட்டாலும், அந்த மின்கம்பி விஷயத்தையாவது வரும் ஞாயிறு ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொலம்பஸ், ஓஹியோ