விலங்கு, நாய், பூனையை விட்டுவிட்டு ஒரு பில்லை எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தக்கலையில் இருந்துகொண்டு சிறு வியாபாரிகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதித் தருவது என் தொழில். குலசேகரம் பக்கத்து ரப்பர் கடைகள், தோவாளை பூ வியாபாரிகள், நாகர்கோவிலில் மிக்சி, கிரைண்டர் விற்கிறவர்கள் என்று பலதரப்பட்ட ஆட்கள் வருவார்கள். நம் மாவட்டத்துக் கல்லூரிகளில் படிப்பு முடித்த பிள்ளைகள் சிலரும் பயிற்சிக்கு வருகிறார்கள். சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும் பிள்ளைகள். அவர்களுக்குச் சொல்லித்தராமல் விடுபட்ட ஒரு விஷயத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஆப்ஜெக்ட் ஓரியன்டட் முறையில், அதாவது தகவலையும் அதைக் கையாளும் வேலைகளையும் 'கிளாஸ்' என்ற வார்ப்புகளாகச் சேர்த்து எழுதும்போது, நம் புரோகிராமுக்கென்று சொந்தமாக ஒரு பேஸ் கிளாஸ் (பொதுவானவை இருக்கும் தாய்க் கிளாஸ்) வைக்க வேண்டும். மற்ற கிளாஸ்களெல்லாம் அதிலிருந்து பிறக்க வேண்டும். இந்தப் பிள்ளைகள் பிளஸ் ஒன்னில் சி++ வழியாக இன்ஹெரிட்டன்ஸ் (ஒரு கிளாஸ் தாய்க் கிளாசில் உள்ளதைப் பெறுவது) படித்துவிட்டு வருகிறார்கள். கல்லூரியில் ஜாவாவில் மறுபடியும் படிக்கிறார்கள். எங்கே படித்தாலும் உதாரணம் ஒன்றுதான்: விலங்கு என்று ஒரு கிளாஸ், அதன் கீழ் நாய், பூனை. நாய் குரைக்கும், பூனை கத்தும். இன்ஹெரிட்டன்ஸ் எதற்கு என்று கேட்டால் 'கோட் ரீயூஸ்' (எழுதியதையே மறுபடி பயன்படுத்துவது) என்று உடனே பதில் வரும். பரீட்சைக்கு அது போதும். ஒரு ரப்பர் கடைக்கு உட்கார்ந்து எழுதச் சொன்னால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் திகைத்துப் போகிறார்கள்.

ரப்பர் கடையில் என்ன நடக்கிறது? காலையில் விவசாயி பால் கொண்டுவருவார். பாலுக்கு எடை மட்டும் போதாது, டி.ஆர்.சி., அதாவது பாலில் உள்ள உலர் ரப்பரின் அளவு, பார்க்க வேண்டும். 100 கிலோ பாலில் டி.ஆர்.சி. 35 சதவீதம் என்றால் 35 கிலோவுக்குத்தான் காசு. பாலை உறையவைத்து உலர்த்திய ஷீட்டுக்குக் கணக்கு வேறு, அங்கே கிரேடு முக்கியம். மரத்திலும் சிரட்டையிலும் தானாக உறைந்துபோகும் ஒட்டுப்பால் இன்னொரு விலை. கடைக்காரர் வாங்கியதைச் சேர்த்து விற்கும்போது, சரக்கு மார்த்தாண்டத்திலேயே இறங்கினால் சி.ஜி.எஸ்.டி. (மத்திய அரசுக்கு), எஸ்.ஜி.எஸ்.டி. (மாநில அரசுக்கு) என்று வரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குப் போனால் ஐ.ஜி.எஸ்.டி. என்று ஒரே வரி. வாங்குகிறவரின் ஜி.எஸ்.டி. எண்ணில் முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு, 32 என்றால் கேரளம். எல்லையோரத்துக் கடைக்கு இது தினசரிப் பிரச்சினை.

இதில் எல்லாச் சீட்டுக்கும் பொதுவானது எது என்று பாருங்கள். எண், தேதி, எதிர்த்தரப்பின் பெயர், ஒரு நிதியாண்டுக்குள் விட்டுப்போகாத வரிசை. ஜி.எஸ்.டி. விதிப்படி பில் எண் 16 எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்ற கட்டுப்பாடும் உண்டு. இவ்வளவையும் 'ஆவணம்' என்ற ஒரு பேஸ் கிளாசில் ஒரே ஒரு தடவை எழுதிவிடலாம். அதன் கீழ் கொள்முதல் சீட்டு, விற்பனை பில் என்று இரண்டு. பாலுக்கும் ஷீட்டுக்கும் ஒட்டுப்பாலுக்கும் கொள்முதலின் கீழ் தனித்தனிக் கிளாஸ். வரியை எப்படிப் பிரிப்பது என்பது விற்பனை பில்லில் மட்டும் இருந்தால் போதும். தோவாளைக்காரருக்கு இதே ஆவணம் கிளாசை வைத்துப் பூ பில் எழுதலாம். பிச்சிக்கும் மல்லிக்கும் வரி இல்லை, அதனால் வரி மெத்தட் (கிளாசுக்குள் வரிக்கணக்கைச் செய்யும் பகுதி) சுழியத்தைத் திருப்பித் தரும், அவ்வளவுதான்.

அப்படி எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். 2017 ஜூலை 1-ம் தேதி வாட் போய் ஜி.எஸ்.டி. வந்தது. மாறியது விகிதம் மட்டும் இல்லை, கணக்குப் போடும் முறையே மாறியது. ஒரு கடையில் வேறு யாரோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போன மென்பொருளைச் சரிசெய்யக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு திரையிலும் வரிக்கணக்கு தனித்தனியாக எழுதப்பட்டிருந்தது. ஒரு திரையில் பொருள்வாரியாகப் பைசாவை ரவுண்ட் செய்திருந்தார்கள், இன்னொன்றில் மொத்தத்தில் மட்டும். பில்லும் லெட்ஜரும் ஒரு ரூபாய் இடிக்கும். கடைக்காரர் ராத்திரி பத்து மணிக்கு மேல் அந்த ஒரு ரூபாயைத் தேடிக்கொண்டிருப்பார். படிக்கிற பிள்ளைக்கு இது மதிப்பெண் விஷயமாகத் தெரியலாம். அந்தக் கடைக்காரருக்கு அது தூக்கம்.

2025 செப்டம்பர் 22-ல் 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலும் எடுக்கப்பட்டபோது அவ்வளவு சிரமம் இல்லை. ஏ.சி., பெரிய டி.வி. எல்லாம் 28-லிருந்து 18-க்கு வந்தன. விகிதத்தைக் கோடில் எழுதாமல் தனியாக ஒரு டேபிளில் வைத்திருந்தவர்கள் அன்று காலையிலேயே கடை திறந்து பில் போட்டார்கள். விகிதம் டேபிளில் இருக்கட்டும், கணக்குப் போடும் முறை விற்பனை பில் என்ற தாய்க் கிளாசில் இருக்கட்டும். இந்தப் பிரிவினையைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒரு பீரியட் போதும்.

சொந்த பேஸ் கிளாஸ் ஏன் என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு இன்னொன்று. ஜாவாவில் 'எக்ஸ்டெண்ட்ஸ்' என்று எழுதித் தாய்க் கிளாசைக் குறிப்பிடாவிட்டாலும் ஒவ்வொரு கிளாசும் 'ஆப்ஜெக்ட்' என்ற கிளாசிலிருந்துதான் பிறக்கிறது. ஒரு கிளாசுக்கு நேரடித் தாய்க் கிளாஸ் ஒன்றுதான் இருக்க முடியும். ஃபிரேம்வொர்க்கின், அதாவது பிறர் தயாராக எழுதித்தரும் அடித்தள மென்பொருளின், கிளாசை நேராகப் பிடித்துக்கொண்டால் அந்த ஒரே இடம் போய்விடுகிறது. அப்புறம் எல்லாத் திரைக்கும் பொதுவாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால் எல்லாத் திரையையும் திறந்து திருத்த வேண்டியதுதான். இடையில் நம்முடைய கிளாஸ் ஒன்று, முதல் நாள் வெறுமையாகவே இருந்தாலும் பரவாயில்லை, இருக்க வேண்டும். ரூபி மொழியின் ஃபிரேம்வொர்க்கான ரெயில்ஸ் வைத்து எழுதுகிறவர்கள் இதை வழக்கமாகவே ஆக்கிவிட்டார்கள். 2016-ல் வந்த ரெயில்ஸ் 5-லிருந்து புதிய புராஜெக்டில் மாடல்கள் (டேட்டாபேஸ் டேபிள்களுக்கான கிளாஸ்கள்) ஃபிரேம்வொர்க்கின் கிளாசை நேராகத் தொடுவதில்லை. 'அப்ளிகேஷன்ரெக்கார்டு' என்று நமக்கென ஒரு கிளாஸ் நடுவில் தானாகவே உருவாகிறது. பைத்தானில் ஜாங்கோ ஃபிரேம்வொர்க் வைத்து எழுதுகிறவர்கள் அப்ஸ்ட்ராக்ட் மாடல் ஒன்று வைத்துக்கொள்வார்கள். அதற்கென டேபிள் உருவாகாது, ஆனால் அதிலுள்ள புலங்கள் (பெயர், தேதி போன்ற தகவல் இடங்கள்) கீழே உள்ள எல்லா மாடலுக்கும் வந்துவிடும்.

பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றைச் சொல்கிறேன், லேபில் செய்து காட்ட வசதியாக இருக்கும். பயிற்சிக்கு வந்த ஒரு பெண் நன்றாகத்தான் எழுதியிருந்தார். விற்பனை பில்லின் கன்ஸ்ட்ரக்டரிலேயே (பில் உருவாகும்போது தானாக ஓடும் பகுதி) 'கணக்கிடு' மெத்தடைக் கூப்பிட்டு மொத்தத்தை எடுத்து வைத்திருந்தார். ஷீட் விற்பனை பில் அதே மெத்தடை ஓவர்ரைடு செய்து (தன் முறையில் மாற்றி எழுதி), தன்னிடமுள்ள கிரேடு விலையால் எடையைப் பெருக்குகிறது. பார்க்கச் சரி. ஓட்டினால் மொத்தம் சுழியம். காரணம், ஜாவாவில் தாய்க் கிளாசின் கன்ஸ்ட்ரக்டர் ஓடி முடிந்த பிறகுதான் சேய்க் கிளாசின் புலங்களில் மதிப்பு ஏறும். ஓவர்ரைடு செய்த மெத்தட் அதற்கு முன்பே ஓடிவிட்டது, விலை அப்போது வெறும் சுழியம். இதையே சி++-ல் எழுதினால் அந்த இடத்தில் தாய்க் கிளாசின் மெத்தட்தான் ஓடும். பைத்தானில் தாய்க் கிளாசின் கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிடும் 'சூப்பர்' வரியை எங்கே எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஒரே உதாரணத்தை மூன்று மொழியில் ஓட்டிக் காட்டினால் எந்தப் பிள்ளையும் பிறகு மறக்காது.

எல்லாவற்றையும் பேஸ் கிளாசில் திணிக்கவும் கூடாது, இதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மெயில் அனுப்புவது, எக்செல் எடுப்பது, பாஸ்வேர்டு சரிபார்ப்பது என்று கண்டதையெல்லாம் அங்கே கொண்டுபோய் வைத்தால், ஒரு வரியைத் தொட்டாலும் கீழே எங்கோ ஒரு பில் உடையும். பிரிண்டர் வேலையைத் தனிக் கிளாசாக வைத்து, பில் அதைக் கூப்பிட்டுக்கொள்வதே நல்லது. சரக்கு திரும்பி வந்தால் போடும் கிரெடிட் நோட்டை விற்பனை பில்லின் சேயாக எழுதி எடையை மைனஸில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மொத்தம் எப்போதும் பிளஸில்தான் வரும் என்று நம்பி எழுதிய அறிக்கை எல்லாம் அதோடு கெட்டுவிடும். தாய் இருக்க வேண்டிய இடத்தில் சேயை வைத்தாலும் எதுவும் கெடக்கூடாது என்பது அமெரிக்கக் கணினி விஞ்ஞானி பார்பரா லிஸ்கோவ் 1987-லேயே பேசிய விஷயம். கிரெடிட் நோட்டு ஆவணத்தின் நேர்ச் சேயாக, பில்லுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது.

இன்ஹெரிட்டன்ஸ் என்ற யோசனையே வேலை செய்கிற இடத்திலிருந்து வந்தது என்பதை ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லலாம். 1960-களில் நார்வேயின் ஆஸ்லோவில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்டு இருவரும் சிமுலா மொழியை உருவாக்கினார்கள். அவர்கள் யோசித்துக்கொண்டிருந்தது, பாலத்துச் சுங்கச்சாவடியில் வரிசையில் நிற்கும் லாரியையும் பஸ்ஸையும் பற்றி. இரண்டும் வாகனம், இரண்டும் வரிசையில் நிற்கும், ஆனால் இரண்டுக்கும் தனித்தனிக் குணம் உண்டு. அவர்களுக்குச் சுங்கச்சாவடி என்றால் நமக்கு ரப்பர் கடையும் பூச்சந்தையும் இருக்கின்றன. ரப்பர் பால் எடுக்கிற வீட்டுப் பிள்ளைக்கு டி.ஆர்.சி. என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டாம், கிளாசை மட்டும் விளக்கினால் போதும்.

எனவே பிளஸ் ஒன், பிளஸ் டூ கணினி ஆசிரியர்களும் கல்லூரி லேப் பொறுப்பாளர்களும் இந்தக் கல்வியாண்டிலேயே ஒரு பயிற்சியை மாற்றிப் பாருங்கள். முதலில் ஆவணம் என்ற பேஸ் கிளாசை எழுதச் சொல்லுங்கள், பிறகு இரண்டு சேய்க் கிளாஸ். கடைசியில் பில் எண்ணின் வடிவத்தை மாற்றச் சொல்லுங்கள். எத்தனை இடத்தில் கை வைத்தார்கள் என்று பார்த்து மதிப்பெண் போடுங்கள். ஒரே இடம் என்றால் முழு மதிப்பெண்.

உங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் இதற்கு இடம் தந்தால், பால், ஷீட், பூ மூன்றுக்கும் பயிற்சித் தாள்களைத் தமிழிலேயே எழுதி அனுப்புகிறேன். தக்கலை, குழித்துறை பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் சனிக்கிழமைகளில் மாணவர்களோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தால், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமையே திறந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
பில்லிங் மென்பொருள் எழுதும் வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்