வயர் விறாந்தையோடு நின்றுவிடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டுக்கு இணைய இணைப்பு எடுக்கச் சனம் ஏன் தயங்குகிறது என்ற பேச்சு எழுந்தால், ‘விழிப்புணர்வு இல்லை’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். நாள் முழுக்கப் போனில் வீடியோ பார்க்கிற சனத்துக்கு இதில் என்ன விழிப்புணர்வு வேண்டிக் கிடக்கிறது? இணைப்பு எடுத்தவர் படும் பாட்டைப் பார்த்துத்தான் அடுத்த வீட்டுக்காரர் பின்வாங்குகிறார்.

ஃபைபர் வயர் வீதியிலிருந்து நுழைகிற இடம் முன்விறாந்தை. ரவுட்டரையும் அங்கேயே ஒரு மூலையில் பூட்டிவிடுகிறார்கள். பிள்ளை படிப்பதோ பின்னறையில். நடுவில் இரண்டு கல்சுவர், ஓர் இரும்பு அலுமாரி. வைஃபையின் வேகமான 5 கிகாஹேர்ட்ஸ் அலை சுவர்களில் தேய்ந்துபோக, போன் வேகம் குறைந்த 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைக்கு மாறும். காத்தான்குடி போல வீடுகள் நெருங்கிய ஊரில் அங்கேயும் நெரிசல். அந்த அலையில் ரவுட்டர்கள் பேசும் பாதைகளான சனல்களில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 என மூன்றுதான். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்குக் காசு கட்டியவர் பின்னறையில் 15ஐக் கண்டால் ‘கொம்பனி ஏமாத்துது’ என்னாமல் வேறென்ன சொல்வார்? ரவுட்டரோடு லான் வயரில் மடிக்கணினியை நேரே கொளுவிப் பார்த்தால் குறை லைனிலா வைஃபையிலா என்று உடனே தெரியும். அந்த வயரின் எட்டு இழையும் சரியாக இருக்கவேண்டும். நான்கு மட்டும் தொட்டால் 100க்கு மேல் ஏறாது. ஃபைபரைக் கூர்மையாக மடக்காமல் இன்னும் பத்து மீற்றர் உள்ளே இழுத்து, நடுவீட்டில் உயரத்தில் ரவுட்டரைப் பூட்டினால் பாதி முறைப்பாடு வராது.

மண்முனைப் பாலம் தாண்டி, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் 4ஜி ரவுட்டரை நம்பியிருக்கும் வீடுகளின் கதை வேறு. தகரக் கூரைக்குக் கீழே, ரிவிக்குப் பின்னால் வைத்தால் சிக்னல் எப்படி வரும்? ரவுட்டரின் செட்டிங் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்று, சிக்னலின் பலத்தைக் காட்டும் ஓர் எண் இருக்கும். மைனஸ் 90க்குள் என்றால் நல்லது. மைனஸ் 110க்கும் கீழே இறங்கினால் வகுப்பு நடுவில் அறும். டவர் இருக்கும் பக்கத்து யன்னலுக்கு மாற்றினாலே பல வீடுகளில் சரிவரும்.

இதைவிடப் பெரிய தொல்லை டேட்டா. வைஃபை கிடைத்ததும் போன் அதை இலவசம் என்று எண்ணி, செயலிகளைப் புதுப்பித்து, படங்களையெல்லாம் மேலே ஏற்றத் தொடங்கும். மாதத்துக்குப் போட்ட 40 ஜிபி ஒரே கிழமையில் முடிந்துவிடும். ஒவ்வொரு போனிலும் அந்த வைஃபையை ‘மீற்றர்ட்’, அதாவது அளந்து செலவழிக்கவேண்டிய இணைப்பு, என்று மாற்றிவிட இரண்டு நிமிடம் போதும். பூட்ட வருகிறவர் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை.

தென்னோலை விழுந்தோ அணில் கடித்தோ ஃபைபர் வயர் அறுந்தால், சிக்னல் வரவில்லை என்று காட்டும் ‘லொஸ்’ லைட் ரவுட்டரில் சிவப்பாக எரியும். பழைய செப்புக் கம்பி மாதிரி முறுக்கி ரேப் சுற்றக் கூடாது. உள்ளே இருப்பது கண்ணாடி இழை, இழைகளை உருக்கிப் பொருத்தும் ஸ்ப்லைஸ் மெசினால் ஒட்டவேண்டும். கரண்ட் போனால் நெற்றும் போகும் என்கிறவர்களுக்கு ரவுட்டரைப் பற்றரியில் ஓடவைக்கும் மினி யூபிஎஸ் உண்டு. ரவுட்டரின் அடப்டரில் எழுதியிருக்கிற வோல்ட், அம்பியர் இரண்டையும் பார்த்துத்தான் வாங்கவேண்டும்.

காசு விசயமும் இருக்கிறது. வயல்காரர் கையில் பணம் புழங்குவது பெரும்போகம், சிறுபோகம் என வருடத்துக்கு இரண்டு தடவை. பில் வருவதோ மாதாமாதம். கையில் இருக்கும்போது 100 ரூபாய்க்கு ரீலோட் போட்டுப் பழகியவரிடம் ஒப்பந்தத் தாளை நீட்டினால் தயங்கத்தான் செய்வார். அறுவடையோடு ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கட்டவும், இடையில் அபராதம் இல்லாமல் நிறுத்தி வைக்கவும் கொம்பனிகள் வழி விடட்டும்.

இன்னொன்றையும் கட்டாயமாக்கலாம்: பூட்ட வருகிறவர் பின்னறைக்குப் போய், வீட்டுக்காரரின் போனிலேயே வேகத்தை அளந்து, அந்த எண்ணைத் தாளில் எழுதிய பிறகே கையெழுத்து வாங்கவேண்டும்.

இப்படிக்கு,
இணைப்பு வேலை செய்வோர் சிலர்,
களுவாஞ்சிக்குடி.