உறை கிழிந்த கண்ணில் விட்ரியஸைத் தேட ஒரு வெள்ளை மருந்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

கண்புரை அறுவையில் கண்ணின் லென்ஸைச் சுற்றியிருக்கும் உறை கிழிந்துவிட்டது என்றால், 'லென்ஸ் வைத்தாயிற்றா?' என்றுதான் வீட்டார் கேட்கிறார்கள். முன்னால் வந்த விட்ரியஸ் (கண்ணின் பின்பகுதியை நிரப்பும் கூழ்) முழுவதும் எடுக்கப்பட்டதா என்று கேட்பதே முக்கியம்.

பின்புற உறையின் தடிமன் நடுப்பகுதியில் சுமார் 4 மைக்ரான்தான். அது கிழிந்தால் பின்னாலிருக்கும் விட்ரியஸ் கூழ் கருவிழிக்கு அடுத்துள்ள முன்னறைக்குள் நுழைகிறது. அதில் 98 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர். மைக்ராஸ்கோப்பிலும் கண்ணில் படாது. அதனால் அறுவைக்கு வெட்டிய காயத்தில் பஞ்சை ஒற்றி, ஒட்டி வருவதைத் தூக்கி வெட்டும் பழைய வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அந்தக் கூழின் மறுமுனையோ விழித்திரையின் ஓரத்தை இறுகப் பற்றியிருக்கிறது. இங்கே இழுத்தால் அங்கே கிழியும்.

இதற்கு வழி ட்ரையாம்சினோலோன் என்ற வெள்ளை மருந்து. 2003-ல் அமெரிக்காவில் கண் மருத்துவர்கள் பர்க், ஓஷர் முதலியோர் இதை முன்னறையில் பயன்படுத்திக் காட்டினார்கள். இது சாயமல்ல, வெண்துகள். தெளிந்த நீரில் நிற்காமல் கழுவிப்போகும். விட்ரியஸ் இழைகளில் மட்டும் சிக்கி, சிலந்தி வலையில் மாவு தூவியதுபோல் காட்டிக்கொடுக்கும். உறை தெரிவதற்காகப் போடும் நீலச் சாயம் இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

கிழிசல் தெரிந்ததும் பேகோ முனையை (புரையை உடைத்து உறிஞ்சும் கருவியை) வெடுக்கென்று உருவக் கூடாது. நீர் பாட்டிலைத் தாழ்த்தி, பக்கத் துளை வழியே விஸ்கோ என்ற பிசுபிசுப்பான திரவத்தைச் செலுத்தி அறையை நிரப்பிய பிறகே வெளியே எடுக்க வேண்டும். எஸ்ஐசிஎஸ் (பேகோ இல்லாமல் சிறு வெட்டில் செய்யும் கண்புரை அறுவை) என்றால் சுரங்கக் காயத்துக்கு முதலில் தையல். கசிவு இருக்கும்வரை கூழ் வந்துகொண்டேதான் இருக்கும். பிறகு மருந்து. மில்லிக்கு 40 மில்லிகிராம் உள்ள குப்பியை நன்றாகக் குலுக்க வேண்டும். துகள் அடியில் தங்கிவிட்டால் ஊசியில் ஏறுவது வெறும் நீர். ஒரு பங்கு மருந்துக்கு ஒன்பது பங்கு பிஎஸ்எஸ் (கண் அறுவைக்கான உப்புநீர்) கலந்து, 27 கேஜ் கேனுலா என்ற மெல்லிய குழாயில் 0.1 முதல் 0.2 மில்லி போதும். அதிகமானால் பனிமூட்டம்போல் எல்லாமே மறையும்.

விட்ரியஸை வெட்டி உறிஞ்சும் கட்டரை ஒரு துளையிலும் நீர்க்குழாயை வேறொரு துளையிலும் வைத்து, வெட்டு வேகத்தைக் கூட்டி, உறிஞ்சலைக் குறைத்து வெட்ட வேண்டும். பெரிய காயத்தின் வழியே கட்டரை நுழைப்பது வேண்டாத வேலை. முடிந்ததென்று தோன்றியதும் இன்னொரு முறை மருந்திட்டுப் பாருங்கள். பெரும்பாலும் காயத்தருகே ஓர் இழை மிச்சமிருக்கும். விட்டுவிட்டால் கண்மணி ஒரு பக்கம் கூராக இழுபடும், விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலா வீங்கும், கிருமிக்கும் பாதை திறக்கும்.

இதே மருந்தின் மூட்டுவலிக்குப் போடும் குப்பியில், மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கும் பாதுகாப்பானாகப் பென்சைல் ஆல்கஹால் இருக்கும். அதை அப்படியே கண்ணில் போடுவது கருவிழியின் உட்படலத்துக்குக் கேடு. பாதுகாப்பான் இல்லாத குப்பியை மதுரை அரோலாப் நிறுவனம் தயாரிக்கிறது. அறுவை நாளில் அது அரங்கிலேயே இருக்க வேண்டும். உறை கிழிந்த பிறகு மருந்தகத்துக்கு ஆள் அனுப்புவதில் பயனில்லை.

இது ஸ்டீராய்டு. மிச்சத்தைக் கழுவி எடுக்காவிட்டால் கண்ணழுத்தம் ஏறலாம். க்ளாக்கோமா உள்ளவர்களிடம் கூடுதல் கவனம் தேவை. பின்னால் இறங்கிய துகள் சில நாள் கண்முன் மிதக்கும் என்று நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். உறை கிழிந்தது, மருந்து போட்டது, அழுத்தம் பார்க்க வரவேண்டிய தேதி ஆகிய மூன்றும் டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கண் அறுவை மருத்துவர்,
நாகர்கோவில்