5 சென்ட் நிலம் கேட்டு ஒரு மடல்

மதிப்புக்குரிய துறைத் தலைவர் அவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் நடந்த பிளான்டிங் டிசைன் ஜூரியை, அதாவது எந்த மரம் எங்கே நடுவது என்று வரைந்த ஷீட்டை உங்கள் முன்னால் வைத்து மார்க் வாங்கும் தேர்வைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோரும் அங்கேதான் இருந்தீர்கள். மரத்துக்கு ஒன்றாக 6 மீட்டர் விட்டத்தில் 12 பச்சை வட்டம் வரைந்து, பக்கத்தில் 'பொங்கேமியா பின்னாட்டா' என்று எழுதியிருந்தேன். நல்ல மார்க் போட்டீர்கள், நன்றி.

மறுநாள் அந்த ஷீட்டோடு காட்பாடி பக்கம் ஒரு நர்சரிக்குப் போனேன். கடைக்காரர் பெயரைப் பார்த்துவிட்டு "இந்தச் செடி எங்ககிட்ட இல்லம்மா" என்றார். போனில் படத்தைக் காட்டினேன். "அட, புங்கன்! எந்த சைஸ் பையில வேணும்?" பையில் சைஸ் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அவர் எடுத்து வைத்தது சுண்டுவிரல் தடிமனில் ஒரு குச்சி, மேலே நாலு இலை. என்னுடைய 6 மீட்டர் வட்டம் அதுதான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, நாலு வருஷமாக நான் வண்டி நிறுத்துவது நம் பார்க்கிங்கில் இருக்கிற புங்கன் நிழலில்தானாம். மாசியில் இலையெல்லாம் கொட்டிவிட்டு வெயில் ஏறுவதற்குள் பளபளவென்று துளிர்த்துவிடுகிற அந்த மரத்தைத்தான் 12 தடவை வரைந்திருக்கிறேன், அடையாளம் தெரியாமலே.

அதனால் கேட்கிறோம், ஹாஸ்டலுக்குப் பின்னால் சும்மா கிடக்கிற இடத்தில் 5 சென்ட் கொடுங்கள். 3 அடிக் குழி வெட்டி, வெயிலில் ஆறப்போட்டு, மக்கிய எரு போட்டு நட்டுப் பார்க்கிறோம். செத்தால் சாகட்டும், ஏன் செத்தது என்றாவது தெரியும்.

மலை உண்டு மரம் இல்லை, ஆறு உண்டு நீர் இல்லை என்று வேலூரை எல்லோரும் கிண்டலடிப்பார்கள். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு லாவெண்டர் வரிசை வரைகிறோம். ஏன் என்றால் நாங்கள் வரைகிற ஆட்டோகேட் மென்பொருளில் எடுத்து ஒட்டுகிற ரெடிமேட் செடிப் படங்களில் (பிளாக்) லாவெண்டர் இருக்கிறது. ஆவாரை இல்லை, நொச்சி இல்லை, இலுப்பை இல்லை. 25 கிலோமீட்டரில் அமிர்தி காடு இருக்கிறது, ஒருநாள் பஸ் கேட்டால் பணம் இல்லை. வாசலில் கோடைக்குக் கோடை காய்ந்துபோகிற புல்தரையைப் புதிதாக விரிக்க மட்டும்... சரி, அதை விடுங்கள்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். 5 சென்ட்தான் கேட்கிறோம். கடப்பாரை தோட்டக்கார அண்ணன் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். ஆடி பிறப்பதற்குள் பதில் சொன்னால் மழைக்கு முன்னால் குழி வெட்டிவிடுவோம்.

இப்படிக்கு,
நான்காம் ஆண்டு மாணவி