ஒன்றாம் நம்பர் பேட்டரியைத் தொடாதே

அன்பு மகன் சரவணனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். தூத்துக்குடியில் ஆடிக்காற்று ஆளைத் தூக்குகிறது, மாடி டேங்க் மூடி பறந்து அடுத்த தெருவில் கிடந்து எடுத்து வந்தேன், மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை.

ஆஸ்திரேலியாவிலிருந்து உன் படகைப் பற்றி நீ அனுப்பிய மெசேஜைப் பார்த்தேன். "மார்னிங்டன் பக்கம் இன்ஜின் ஸ்டார்ட் ஆகல, ஒருத்தர் கட்டி இழுத்து வந்து விட்டார், பேட்டரி டவுன், வேற ஒண்ணுமில்ல" என்று ஒரே வரி, கூடவே பேட்டரிப் பெட்டியின் போட்டோ. பேட்டரிக் கடை நடத்திய காலமெல்லாம் "பேட்டரி டவுன், வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லி வந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். பேட்டரி தானாக டவுன் ஆவது அபூர்வம், யாரோ எதையோ போட்டுவிட்டு மறந்திருப்பார்கள்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, போத் (இரண்டும் சேர்த்து), ஆஃப் என்று பேட்டரியை மாற்றும் சிவப்பு சுவிட்ச் "போத்"தில் நிற்கிறது. இன்ஜினை நிறுத்தி நங்கூரம் போட்ட பிறகும் அது அங்கேதான் இருந்திருக்கிறது, இல்லையா? ஃப்ரிட்ஜின் மெல்லிய வயர் அந்த சுவிட்சுக்குப் பின்னால்தான் போகிறது. இரண்டு பேட்டரி இருந்தும் உனக்கு ஒன்றுகூட உதவாமல் போனது அதனால்தான். போத்தில் விட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும், ஃப்ரிட்ஜ் இரண்டையும் சேர்த்தே குடித்துவிடும். இரண்டு வைப்பதே ஒன்று தீர்ந்தாலும் மற்றது மிஞ்சட்டும் என்றுதானே.

உனக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பதாவது படிக்கும்போதே ஆசிட்டின் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரில் மிதவையைப் பார்த்து "அப்பா, மூணாவது செல் போயிடுச்சு" என்று சரியாகச் சொன்ன பிள்ளை நீ, கடைக்கு வந்த டிரைவர்களிடம் எல்லாம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். இருந்தாலும் சொல்கிறேன். ஒன்றாம் நம்பர் ஸ்டார்ட் பேட்டரி. உள்ளே மெல்லிய தகடு நிறைய இருக்கும், சில விநாடிக்குப் பெரிய கரண்டை அள்ளிக் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும், அடியோடு இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும். இரண்டாம் நம்பர் டீப் சைக்கிள், நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி ஜாதி, தடித்த தகடு, மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். அதையும் பாதிக்குக் கீழே இறக்காமல் பார்த்துக்கொண்டால்தான் வருஷக்கணக்கில் உழைக்கும். ஃப்ரிட்ஜ், விளக்கு, மீன் காட்டும் கருவி, போன் சார்ஜர் எல்லாம் இரண்டில் ஓடட்டும். ஒன்றைத் தொடாதே. உன் 90 குதிரைசக்தி இன்ஜினைக் கயிறு சுற்றி இழுத்து எல்லாம் லேசில் கிளப்ப முடியாது.

ஸ்டார்ட் பண்ணும்போது சுவிட்ச் ஒன்றில். ஓடும்போது போத்தில் வைத்தால் இரண்டும் சார்ஜ் ஆகும். நங்கூரம் போட்டு இன்ஜினை அணைத்த அடுத்த நிமிஷம் இரண்டுக்குத் திருப்பு. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் தவறியும் ஆஃப் பக்கம் போகாதே, போனால் சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டரில் டயோடு எரிந்துபோகலாம். உனக்கு இப்போது மறதி வருகிறது என்று தெரிகிறது, அதனால் நடுவில் ஒரு வி.எஸ்.ஆர். ரிலே போட்டுவிடு. இன்ஜின் ஓடி வோல்ட் 13.5 பக்கம் ஏறியதும் அது இரண்டு பேட்டரியையும் சேர்க்கும், இன்ஜின் நின்று 12.8 பக்கம் இறங்கியதும் தானே பிரித்துவிடும். உன் கை மறந்தாலும் அது மறக்காது. லித்தியம் போடட்டுமா என்று முன்பு கேட்டாயே, அதற்கு சார்ஜ் முறையே வேறு, இந்த சுவிட்சில் பழைய ஆசிட் பேட்டரியோடு சேர்த்து மாட்டாதே, ஒரு பேட்டரியிலிருந்து இன்னொன்றுக்கு அளவாக ஏற்றும் டிசி-டிசி சார்ஜர் தனியாக வேண்டும். இப்போதைக்கு வேண்டாம்.

இன்னொன்று. போட்டோவில் உள்ள மீட்டர் 11.4 வோல்ட் காட்டுகிறது. 12.7 என்றால் முழுசு, 12.2 என்றால் பாதி, 11.8-க்குக் கீழே என்றால் ஒன்றுமே இல்லை. காலையில் போய் மாலையில் திரும்பும் மீன்பிடிக்கு 15 ஆம்பியர்-ஹவர் (பேட்டரியிலிருந்து எடுக்கும் கரண்டின் கணக்கு) கூடப் போகாது. ஃப்ரிட்ஜ், விளக்கு, போன் சார்ஜர் எல்லாம் ராப்பகலாக ஓடினாலும் ஒரு நாளைக்கு 40, 45-தான் ஆகும். இரண்டு பேட்டரியும் சேர்ந்து 11.4-க்கு வந்திருக்கிறது என்றால் நீ அந்தப் படகில் இரண்டு மூன்று ராத்திரியாவது இருந்திருக்கிறாய். கணக்கு எனக்குத் தெரியும், தம்பி. நான் ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் ஊரில் இப்போது குளிர்காலம், தண்ணீரே 10, 11 டிகிரிக்கு வந்துவிடும் என்று நீதான் முன்பு சொன்னாய். பேட்டரிக்கும் குளிர் ஆகாது, பாதி இறங்கிய பேட்டரி குளிரில் செல்ஃப் எடுக்க ரொம்பவே திணறும்.

போட்டோவின் ஓரத்தில் ஒரு தலையணை தெரிகிறது. லைஃப் ஜாக்கெட் ஒன்றே ஒன்றுதான் தொங்குகிறது. இன்னொன்று வாங்கிப் போடு, யாராவது கூட வந்தால் வேண்டுமே. போட்டுக்கொள்ளாமல் தனியாக ஓட்டாதே. சின்ன மாமா விஷயத்தை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கீதா போன வாரம் அம்மாவிடம் பேசினாள். நன்றாகத்தான் பேசினாளாம். உன் பேச்சு வரவில்லை. நீ பொங்கலுக்கும் பேசவில்லை, அம்மா பிறந்தநாளுக்கும் பேசவில்லை. அவ்வளவு பெரிய கம்பெனியில் எத்தனை பேரை வைத்து வேலை வாங்குகிறாய், பெற்றவளுக்கு ஒரு போன் போட நேரம் இல்லையா? சரி, அதை விடு.

சார்ஜ் விஷயம் சொல்லி முடிக்கிறேன். கரைக்கு வரும்போது ஒரு மணி நேரம் இன்ஜின் ஓடினாலே பேட்டரி நிரம்பிவிடும் என்று நினைக்காதே. படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு இன்ஜின் மெதுவாக ஓடும்போது கொடுக்கும் கரண்ட் ரொம்பக் குறைவு, அதிலும் கடைசி 20 சதவீதம் ஏற மணிக்கணக்கில் ஆகும். வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேட்டரிக்கும் தனித்தனி வயர் உள்ள சார்ஜரில் போட்டு ராத்திரி முழுக்க விடு. ஆமாம், வீட்டில் போடு. இறங்கிய நிலையில் நாள்கணக்கில் விட்டால் தகட்டில் சல்ஃபேட் இறுகிவிடும், அப்புறம் எத்தனை சார்ஜ் போட்டாலும் பிடிக்காது.

ஒன்றாம் நம்பரின் மைனஸில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது. முதலில் மைனஸைக் கழற்று, பிறகு பிளஸ். வெந்நீரில் ஆப்பசோடா கரைத்து, செல்லுக்குள் போகாமல் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து வாசலின் தடவு. மாட்டும்போது பிளஸ் முதலில். படகின் அடித்தளத்துத் தண்ணீரை இறைக்கும் பம்பு, சிவப்பு சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் ஓட வேண்டும், அதற்கு மட்டும் சுவிட்சைத் தாண்டி இரண்டாம் பேட்டரியில் நேராக வயர் எடு, பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் போடு. ரேடியோ பேச 5, 6 ஆம்பியர் இழுக்கும், பேட்டரி செத்தால் ஆபத்தில் அழைக்கும் சேனல் 16 இருந்தும் பயனில்லை. கையில் பிடிக்கும் ரேடியோ ஒன்று தனி பேட்டரியோடு வைத்துக்கொள். அன்றைக்கு அந்த மனிதர் அந்தப் பக்கம் வராமல் போயிருந்தால்? அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை, இன்ஜினில் சின்ன ரிப்பேர் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். மறுபடியும் சொல்கிறேன், ஒன்றாம் நம்பரைத் தொடாதே, திரும்பி வர அது வேண்டும்.

எனக்காக ஒரு காரியம் செய். நீ எங்கே படுத்தாலும் சரி, தினமும் காலையில் எழுந்ததும் இரண்டு பேட்டரியின் வோல்ட்டையும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. வேறு ஒன்றும் எழுத வேண்டாம், இரண்டு எண் போதும். உனக்குக் காலை ஏழு என்றால் எனக்கு ராத்திரி இரண்டரை, நான் முழித்துத்தான் இருப்பேன். எண் வரவில்லை என்றால் கீதாவுக்குத்தான் போன் போடுவேன், அப்புறம் ஏன் போட்டீர்கள் என்று என்னிடம் கேட்காதே.

அன்புடன்,
அப்பா